கிணற்றடித் தொட்டியும் கொட்டும் பூச்சிகளும்

மாசிப் பனி நீங்கி வெயில் ஏறத் தொடங்கியதும் வட பகுதியிலும் ஏனைய வரண்ட வலயப் பகுதிகளிலும் நிலத்தின் தோற்றம் மாறிவிடுகிறது. கேணிகளும் சிறு குளங்களும் வற்றுகின்றன. வயல் வாய்க்கால்கள் காய்ந்து வெடிக்கின்றன. புல்லின்மேற் காலையிற் காணப்பட்ட பனித்துளியும் இல்லாது போகின்றது. அக்காலத்தில் நாள் முழுவதும் நீர் கிடைக்கும் இடங்கள் சிலவே. அவற்றுள் முதன்மையானது கமக்காரரின் கிணற்றடி. மனிதரும் கால்நடையும் நாடும் அவ்விடத்தைத் தேனீயும் குளவியும் நாடுதல் இயற்கையே. ஆயினும் அதனால் விளையும் தொல்லை சிறிதன்று.

வலிகாமப் பகுதியில் 6 பரப்புக் காணியில் மிளகாயும் வெங்காயமும் செய்து, வேலியோரத்திற் பூசணி நாட்டிய ஒரு கமக்காரரின் நிலையை உதாரணமாகக் கொள்ளலாம். அவருடைய கிணற்றடியில் சீமெந்தினாற் கட்டிய ஒரு தொட்டி உண்டு. இறைப்பு இயந்திரத்தினால் நிரப்பப்படும் அத்தொட்டியிலேயே வீட்டார் குளிப்பர். பிள்ளைகள் அதனுள் இறங்கி விளையாடுவர். பங்குனி மாதம் பிறந்ததும் தொட்டியின் விளிம்பில் தேனீக்கள் வரிசையாக அமர்ந்து நீர் அருந்தத் தொடங்குகின்றன. பாடசாலை விட்டுப் பிள்ளைகள் வரும் நேரமும், வெயிலின் கடுமையால் தேனீக்கள் மிகுதியாக வரும் நேரமும் ஒன்றே. இளைய மகன் நீரில் மிதந்த தேனீயொன்றைக் கையால் அள்ளிக் கொட்டு வாங்குகிறான். மறுநாள் மனைவியார் ஈரச் சீமெந்தில் இருந்த ஒன்றை வெறுங்காலால் மிதித்துவிடுகிறார். மூன்றாம் நாள் அக்கமக்காரர், மிளகாய்க்கு விசிறி எஞ்சிய மருந்துப் போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு வருகிறார்.

அந்தப் போத்தலைத் திறப்பதா, மூடி வைப்பதா என்பதிலேதான் அவருடைய குடும்பத்தின் நலமும் தோட்டத்தின் விளைவும் தங்கியிருக்கின்றன. அதனைத் திறவாமலே தொல்லையை நீக்கும் வழிகள் இங்கு விளக்கப்படுகின்றன.

வருபவை எவை?

கிணற்றடிக்கு வரும் பூச்சிகள் யாவும் ஒரே இனத்தவையல்ல. இன்னது என்று அறிந்த பின்னரே செய்யத்தக்கது எது என்று முடிவு செய்தல் வேண்டும்.

முதலாவது, மரப்பொந்துகளிலும் சுவர் இடுக்குகளிலும் பல அடைகளை அடுக்காகக் கட்டி வாழும் சிறிய தேனீ. பெட்டிகளில் வளர்க்கப்படுவதும் இதுவே. தொட்டியின் விளிம்பில் வரிசையாக இருந்து நீர் அருந்துவது பெரும்பாலும் இவ்வினமாகும். நீர் அருந்த வந்த தேனீ தன் கூட்டைக் காக்க வந்த தேனீ அன்று. நசுக்கப்பட்டாலன்றி அது கொட்டுவதில்லை.

இரண்டாவது, உயர்ந்த மரக்கிளைகளிலும் பாறைகளிலும் நீர்த்தாங்கிக் கோபுரங்களிலும் ஒரே பெரிய அடையைத் திறந்தவெளியிற் கட்டித் தொங்கும் பெருந்தேனீ. சில இடங்களில் மக்கள் இதனையும் குளவி என்றே சொல்வர். கூட்டை அண்மித்துக் குழப்பினால் இது கூட்டமாக வந்து தாக்கும். மிக்க எச்சரிக்கைக்குரியது.

மூன்றாவது, கடதாசி போன்ற பொருளினால் கூடு கட்டும் குளவிகள். இவற்றுட் சிறியவை கூரை விளிம்பு, இயந்திரக் கொட்டில், கிடுகு வேலி ஆகியவற்றில் மூடுதல் இல்லாத சிறு அடைகளைக் கட்டும். பெரியவை கரிய உடலும் வயிற்றின் முற்பகுதியில் அகன்ற மஞ்சட் பட்டையும் உடையன. பெருங்குளவிகளான இவற்றின் கொட்டுக் கொடியது. பல குளவிகள் ஒருங்கே கொட்டின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

நான்காவது, வாய்க்காலோரத்து ஈர மண்ணை உருண்டையாக்கிக் கொண்டு செல்லும் மண்குளவி. மெல்லிய இடையுடைய இது தனித்து வாழ்வது, கூட்டங்கூடித் தாக்குவதில்லை. தன் மண்கூட்டில் சிலந்திகளையோ புழுக்களையோ அடைத்து வைத்துக் குஞ்சுகளுக்கு உணவாக்கும். இதனைத் துன்புறுத்த வேண்டிய காரணம் யாதுமில்லை.

நீரை நாடுவதன் காரணம்

தேனீக் கூட்டினுள்ளே புழுக்கள் வளரும் பகுதி ஏறக்குறைய 34 முதல் 35 பாகை செல்சியசு வெப்பத்தில் இருத்தல் வேண்டும். வெளியே வெயில் கடுமையாகும்போது வேலைத் தேனீக்கள் நீரை வயிற்றுப் பையிற் சுமந்து வந்து கூட்டுத் தேனீக்களிடம் கொடுக்கும். அவை அந்நீரை அடைகளின்மேல் மெல்லிய படலமாகப் பரப்பிச் சிறகால் விசிறும். நீர் ஆவியாகும்போது கூடு குளிர்கின்றது. ஈரச்சாக்கைச் சுற்றி வைத்த மண்பானையில் நீர் குளிர்வதும் இம்முறையினாலேயே. அன்றியும், கெட்டியான தேனைப் புழுக்களுக்கு உணவாக்கும்போது அதனை இளக்குவதற்கும் நீர் வேண்டும். ஒரு தேனீ ஒரு பயணத்திற் கொண்டு செல்வது ஒரு துளியளவுதான். ஆதலின் வெப்பமான நாளில் நூற்றுக்கணக்கான பயணங்கள் நிகழ்கின்றன.

குளவிகளும் கூட்டைக் குளிர்விக்கவும், மரநாரை மென்று கடதாசிக் கூழாக்கவும் நீர் எடுக்கின்றன.

தேனீயின் இயல்பொன்றைக் கமக்காரர் நன்கு அறிந்திருத்தல் வேண்டும். நல்ல நீர்நிலையைக் கண்ட தேனீ கூட்டுக்குத் திரும்பி, நடனம் போன்ற அசைவினால் அவ்விடத்தின் திசையையும் தூரத்தையும் ஏனையவற்றிற்கு அறிவிக்கும். ஓரிடத்திற்குப் பழகிய தேனீக்கள் நாள்தோறும் அவ்விடத்திற்கே வரும். விரட்டினாலும் மீண்டும் வரும். எனவே, பழகிய பின் விலக்குவதிலும், பழகுவதற்கு முன்னரே வேறோரிடத்தைப் பழக்குவது எளிது.

மேலும், தேனீ தெளிந்த குளிர்ந்த நீரை மாத்திரம் தேடுவதில்லை. பாசி மணமும் சிறிது உப்புச் சுவையும் உடைய நீரையும் வெயிலில் இளஞ்சூடான நீரையும் விரும்பிச் செல்லும். சவர்க்காரம், சாம்பல் முதலியன கலந்து தேங்கிய கழுவுநீரிலும், பாசி படர்ந்த தொட்டியோரத்திலும் அவை மொய்ப்பது இதனாலேயே. அண்மைக் காலத்தில் விடுதிகளிலும் சில வீடுகளிலும் அமைக்கப்பட்டுள்ள நீச்சற் குளங்களை அவை நாடுவதற்கும், நீரிற் கலந்த உப்பும் மணமும் காரணமாகின்றன. இங்குக் கூறப்படும் முறைகள் அக்குளங்களுக்கும் பொருந்தும்.

செய்யத் தகாதவை

பூச்சி மருந்தைச் சீனி நீருடன் கலந்து வைத்தல், தொட்டி விளிம்பிற் பூசுதல், கிணற்றடியில் விசிறுதல் ஆகியவை ஒருபோதும் செய்யத் தகாதவை. சீனி கலந்த நஞ்சு நிறைந்த பாத்திரம் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் இருப்பதைக் காட்டிலும் பெரிய ஆபத்து வேறில்லை. நாயும் கோழியும் அதனை அருந்தக்கூடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் சுண்ணக்கல்லால் ஆனது. அக்கல்லில் உள்ள வெடிப்புகளினூடாகவும் குகைகளினூடாகவும் நீர் விரைவாகக் கீழே இறங்கி நிலத்தடி நீருடன் சேர்கின்றது. ஒருவருடைய கிணற்றடியிற் சிந்திய நஞ்சு அவருடைய கிணற்றோடு நின்றுவிடும் என்பதற்கு உறுதியில்லை. அயலவர் கிணற்றையும் அது அடையலாம். குடிநீருக்கும் இறைப்புக்கும் நிலத்தடி நீரையே நம்பியிருக்கும் குடாநாட்டு மக்கள் இதனை நன்கு சிந்தித்தல் வேண்டும். பீடைகொல்லிகள் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தினாற் கட்டுப்படுத்தப்படுகின்றன. பயிருக்கென விற்கப்படும் மருந்து, சுட்டுத்துண்டிற் குறிக்கப்பட்ட பயிருக்கும் அளவுக்கும் உரியதேயன்றிக் கிணற்றடிக்கு உரியதன்று.

நஞ்சு வைப்பதனால் மற்றொரு நட்டமும் உண்டு. பூசணி, வெள்ளரி, கெக்கரி, பாகல், வத்தகை ஆகிய கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவுக்குக் கொண்டு செல்லத் தேனீ போன்ற பூச்சி வேண்டும். பூசணிப் பூ விடியற்காலையில் மலர்ந்து நண்பகலுக்கு முன் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துள் தேனீ வரவில்லையாயின் பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்துவிடும். பங்குனியில் தொட்டியோரத்தில் தேனீயைக் கொன்றவர், சித்திரையில் வேலியோரத்துப் பூசணிப் பிஞ்சு உதிர்வதைக் கண்டு, பசளை போதாது என்று எண்ணி மேலும் பசளை இடுவார். உதிர்வின் காரணம் கிணற்றடியில் இருப்பதை அவர் அறியார். விதைக்கென விடப்படும் வெங்காயப் பூவுக்கும் பூச்சிகளின் வரவு இன்றியமையாதது. குளவிகளும் இலை தின்னும் புழுக்களைப் பிடித்துச் சென்று தம் குஞ்சுகளுக்கு ஊட்டுவதனால் மரக்கறித் தோட்டத்துக்கு நன்மை செய்கின்றன.

கூட்டுக்குத் தீ வைத்தல், மண்ணெண்ணெய் ஊற்றுதல், கல்லெறிதல் ஆகியவையும் தவிர்க்கப்பட வேண்டும். கிடுகு வேலியும் ஓலைக் கூரையும் உள்ள வளவில் தீப்பந்தம் எடுத்தவர் குளவியினும் கொடிய பகையை வீட்டுக்கு அழைத்தவராவார்.

தேனீக்களுக்கு வேறு நீர் அமைத்தல்

தொல்லையை நீக்கும் சிறந்த வழி, தேனீக்களுக்கென வேறோரிடத்தில் நீர் வைப்பதே. அதனைப் பின்வருமாறு அமைக்கலாம்.

ஏறக்குறைய 18 அங்குல அகலமும் 3 அல்லது 4 அங்குல ஆழமும் உள்ள தட்டையான மண்சட்டியொன்றை எடுத்துக்கொள்க. அதனுள் கூழாங்கற்கள், உடைந்த ஓட்டுத் துண்டுகள், தேங்காய்ப் பொச்சுமட்டைத் துண்டுகள் ஆகியவற்றை நீர்மட்டத்திற்கு மேலே தெரியுமாறு பரப்புக. தேனீ நீந்தும் பூச்சியன்று. கால் ஊன்ற இடமிருந்தாலன்றி அது நீரில் விழுந்து இறக்கும். செங்குத்தான சுவருடைய சீமெந்துத் தொட்டியில் தேனீக்கள் மிதப்பது இதனாலேயே.

சட்டியைக் கிணற்றடியிலிருந்து 60 அடிக்குக் குறையாத தூரத்தில், மனிதர் நடமாடும் வழிக்கு விலகி, காலை வெயில் படுவதும் பிற்பகலில் மரநிழல் விழுவதுமான இடத்தில் வைத்தல் நன்று. எறும்பு ஏறாதிருக்க, நீர் நிறைந்த அகன்ற பாத்திரமொன்றின் நடுவே கல் வைத்து அதன்மேற் சட்டியை வைக்கலாம். சுற்றியுள்ள அந்நீரையும் சட்டியின் நீரோடு மாற்றிவருதல் வேண்டும். முதற் சில நாட்களுக்கு ஒரு லீற்றர் நீருக்கு ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்தால் தேனீக்கள் விரைவில் அதனை நாடும். சீனி சேர்த்தலாகாது. அது எறும்பையும் குளவியையும் அழைக்கும்.

இவ்வேற்பாட்டை மழை ஓய்ந்து வெயில் தொடங்கும் தை மாதக் கடைசியிலேயே செய்துவிடல் வேண்டும். அப்பொழுது தேனீக்கள் தொட்டிக்குப் பழகுமுன் சட்டிக்குப் பழகிவிடும். சோளகக் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரையான வரட்சிக் காலம் முழுவதும் நீர் குறையாது பார்த்துக்கொள்ளுதல் அவசியம். ஒரு நாள் சட்டி வரண்டால் தேனீக்கள் மீண்டும் கிணற்றடியைத் தேடிவிடும். காலையில் ஒரு முறையும் நண்பகலில் ஒரு முறையும் சட்டியைப் பார்க்கும் பொறுப்பை வீட்டிலுள்ள மூத்த பிள்ளையிடம் ஒப்படைக்கலாம்.

தேனீக்கள் ஏற்கெனவே தொட்டிக்குப் பழகிவிட்டனவாயின் சிறிது பொறுமை வேண்டும். முதலிற் சட்டியை அவை நீர் அருந்தும் இடத்திற்கு அருகிலேயே வைத்து, தொட்டியை மூடிவிடுக. இரண்டு மூன்று நாட்களில் அவை சட்டியில் அருந்தத் தொடங்கும். பின்னர், பூச்சிகள் பறவாத மாலை இருளில், நாளொன்றுக்கு 4 அடி வீதம் சட்டியை நகர்த்திச் செல்க. இவ்வாறு 15 நாட்களில் அது 60 அடி தூரத்தை அடைந்துவிடும். ஒரே நாளில் வெகுதூரம் நகர்த்தினால் தேனீக்கள் சட்டியைக் காணாது பழைய இடத்தையே சுற்றும்.

ஒரு விடயத்தில் எச்சரிக்கை வேண்டும். தேங்கிய நீர் நுளம்பு பெருகும் இடமாகும். மூன்று நாட்களுக்கு ஒரு முறை சட்டியின் நீரைத் தரையில் ஊற்றி, கற்களையும் மட்டைகளையும் தேய்த்துக் கழுவிப் புதுநீர் நிரப்புதல் வேண்டும். நுளம்பின் முட்டை முழு நுளம்பாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரமாவது செல்லுமாதலால் இம்முறையினால் அது பெருக இடமில்லை. இலங்கை 2016 ஆம் ஆண்டில் மலேரியா அற்ற நாடாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அவ்வாண்டிலேயே மலேரியாவைப் பரப்பக்கூடிய, கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகும் புதிய நுளம்பு இனமொன்று மன்னாரிற் கண்டறியப்பட்டது. ஆகையால் கிணற்றையும் தொட்டியையும் மூடி வைப்பதனால் தேனீயோடு நுளம்பும் விலக்கப்படும் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தொட்டியையும் கிணற்றடியையும் பேணுதல்

வேறு நீர் வைப்பது பாதி வேலையே. கிணற்றடி நீர் எளிதிற் கிடைக்காதவாறு செய்வது மறுபாதி.

பலகையினாலோ தகரத்தினாலோ தொட்டிக்கு மூடி செய்து, பயன்படுத்தாத வேளையில் மூடி வைத்தல் வேண்டும். அதற்கு இயலாதவர் நுண்ணிய கண்ணுள்ள வலையை இழுத்துக் கட்டலாம். வலை நீரைத் தொடுமாயின் தேனீக்கள் அதன்மேல் இருந்தே நீர் அருந்தும். ஆதலின் நீர்மட்டத்திற்கு அரை அடி மேலே அது நிற்றல் வேண்டும்.

ஒழுகும் குழாய், இயந்திரக் குழாயின் பொருத்து, வெடித்த விளிம்பு ஆகியவற்றை உடனே திருத்துக. சொட்டுச் சொட்டாக விழும் நீரே தேனீக்கு மிகவும் வசதியானது. குளிக்கும் நீர் தேங்காது ஓடுவதற்குச் சாய்வான கானமைத்து வாழைப் பாத்திக்குச் செலுத்தலாம். வாழைக்கும் அது நன்று. தொட்டியின் உட்புறப் பாசியை வாரம் ஒரு முறை தும்புக்கட்டையினால் தேய்த்துக் கழுவுதல் வேண்டும்.

மாம்பழம், பனம்பழம் முதலியன விழுந்து அழுகுமாயின் அவை குளவிகளை அழைக்கும். மீன் கழுவிய நீரும் அவ்வாறே. அவற்றைக் கிணற்றடியிலிருந்து அகற்றிப் புதைத்துவிடல் வேண்டும். பூப்பூக்கும் செடிகளைக் குளிக்கும் இடத்தை ஒட்டி நாட்டாது, தோட்டத்தின் மறுபக்கத்தில் நாட்டுக.

குளிக்குமுன் தொட்டியின் மேற்பரப்பைப் பார்த்து, மிதக்கும் பூச்சிகளை நீண்ட பிடியுள்ள அரிதட்டினால் அள்ளி அகற்றுதல் வேண்டும். இறந்தது போலத் தோன்றும் தேனீயும் கொட்டக்கூடும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். சிறு மரக்கட்டையொன்றைத் தொட்டியில் மிதக்கவிட்டால் விழுந்த தேனீக்கள் அதில் ஏறித் தப்பும்; நீரில் மிதப்பவை குறையும். பிள்ளைகள் செருப்பணிந்தே கிணற்றடிக்கு வரவேண்டும். வரட்சிக் காலத்தில் குளிப்பை விடியற்காலைக்கோ பொழுது சாயும் நேரத்துக்கோ மாற்றிக்கொள்ளுதல் நலம்.

மருந்து விசிறும் இயந்திரத்தைக் கிணற்றடியிற் கழுவுதல் கூடாது. பூத்திருக்கும் பயிருக்கு மருந்து விசிற வேண்டி வரின், தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பிய பின் மாலையில் விசிறுக. அவ்வேளையில் நீர்ச்சட்டியை மூடி வைத்தல் வேண்டும்.

கூடுகளைக் கவனித்தல்

கிணற்றடிக்கு நீர் அருந்த வரும் பூச்சி ஒரு தொல்லை. கிணற்றடியிற் கூடு கட்டிய பூச்சி வேறொரு தொல்லை. பின்னையதே ஆபத்தானது. கூட்டுக்கு அருகில் உள்ள பூச்சி அதனைக் காக்கும் நோக்கத்தோடு தானாகவே வந்து கொட்டும். இறைப்பு இயந்திரத்தின் அதிர்வும் ஓசையும் அவற்றைக் கிளர்ந்தெழச் செய்யும்.

எனவே மாதம் இரு முறை இயந்திரக் கொட்டிலின் கூரை, தொட்டியின் வெளிப்புற இடுக்கு, வெறும் பீப்பாய், பழைய ரயர், அடுக்கிய விறகு, பனை வடலிகளின் ஓலை மறைவு ஆகியவற்றைத் தூர நின்று பார்த்தல் வேண்டும். வெடிப்புகளையும் துவாரங்களையும் சீமெந்தினால் அடைக்கலாம். ஆனால், உள்ளே பூச்சிகள் குடியேறிய பின் அடைத்தல் ஆகாது. அவை வேறு வழியால் வீட்டினுள் வரக்கூடும்.

சுவர் இடுக்கில் அல்லது பெட்டியிற் சிறு தேனீக் கூட்டம் குடியேறியிருந்தால் அது நட்டமன்று, ஆதாயமே. தேனீ வளர்ப்பவர் ஒருவர் மாலைப் பொழுதில் வந்து அடைகளை வெட்டித் தேன்பெட்டிக்கு மாற்றிக் கொண்டு செல்லலாம். விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்பு அபிவிருத்திப் பிரிவு பண்டாரவளைக்கு அண்மையில் பிந்துனுவெவவில் இயங்குகின்றது. இத்துறையில் ஈடுபட விரும்புவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியர் மூலம் ஆலோசனை பெறலாம்.

பெருந்தேனீக் கூட்டம் பருவத்திற்கேற்ப இடம்பெயரும் இயல்புடையது. ஆலிலோ அரசிலோ நீர்த்தாங்கியிலோ தொங்கும் அடையைக் குழப்பாது விட்டுவிட்டால் அவை சில மாதங்களில் தாமாகவே அகன்றுவிடும். அதுவரை அம்மரத்தடியில் புகையெழுப்புதலும் கல்லெறிதலும் கூடாது. பிள்ளைகளையும் அங்கு செல்ல விடலாகாது.

பெருங்குளவிக் கூடு வீட்டிற்கோ கிணற்றிற்கோ அண்மையில் இருப்பின் அதனை அகற்றும் வேலையை வீட்டார் மேற்கொள்ளுதல் ஆபத்தாகும். தக்க உடையும் பழக்கமும் உள்ளவரைக் கொண்டே அது செய்யப்பட வேண்டும். அதுவரை அப்பகுதியில் இயந்திரத்தை இயக்காது, கயிறு கட்டி வழியை மறித்து, அயலவருக்கும் அறிவித்தல் கடமையாகும்.

கொட்டினாற் செய்ய வேண்டியவை

தேனீ கொட்டினால் அதன் கொடுக்கு தோலிலே தங்கிவிடும். கொடுக்கோடு இணைந்த நச்சுப்பை தொடர்ந்து நஞ்சைச் செலுத்திக்கொண்டிருக்கும். ஆகவே நகத்தினாலோ கத்தியின் முதுகினாலோ உடனே அகற்றுக. எம்முறையில் அகற்றுவது என்பதிலும் எவ்வளவு விரைவில் அகற்றுவது என்பதே முக்கியமானது. குளவி கொடுக்கை விட்டுச் செல்வதில்லை. அது பன்முறை கொட்டவல்லது.

கொட்டிய இடத்தைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைக்க வேண்டும். கையிற் கொட்டியிருந்தால் வீக்கம் ஏறுமுன் மோதிரத்தையும் காப்பையும் கழற்றிவிடுக. சுண்ணாம்பு பூசுதல் தோலைப் புண்ணாக்கக்கூடும். அதனைத் தவிர்த்தல் நன்று.

கொட்டிய இடத்தில் மாத்திரம் வீக்கமும் நோவும் இருப்பின் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் உடலெங்கும் தடிப்பு, முகமோ நாக்கோ வீங்குதல், மூச்சுத் திணறல், வாந்தி, மயக்கம் ஆகியவற்றுள் எதுவும் தோன்றின் ஒரு நிமிடமும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நோயாளியைப் படுக்கவைத்துக் காலைச் சிறிது உயர்த்தி வைக்க வேண்டும்; மூச்சுவிடச் சிரமப்படுபவரை அவருக்கு வசதியான முறையில் இருக்க விடலாம். நடக்க விடலாகாது. இந்நிலைக்கு உரிய மருந்தாகிய அட்ரினலின் ஊசி வைத்தியசாலையில் இடப்படும். 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் இலவச அம்புலன்சு வண்டி வரும்.

பல பூச்சிகள் ஒருங்கே கொட்டியவர், தமக்கு ஒன்றுமில்லை என்று எண்ணினாலும் வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். நஞ்சின் மிகுதியாற் சிறுநீரகமும் இருதயமும் பாதிக்கப்படுவதுண்டு. அதன் அறிகுறி சில மணி நேரத்தின் பின்னரோ மறுநாளோதான் தோன்றும். சிறுநீர் கறுத்தாலும் குறைந்தாலும் அது ஆபத்தின் அறிகுறியாகும்.

கூட்டம் தாக்கும்போது நின்று கையால் அடித்தலாகாது. நசுங்கிய தேனீயின் மணம் ஏனையவற்றையும் தாக்கத் தூண்டும். முகத்தைத் துணியால் மூடி, விரைந்து ஓடி, கதவுள்ள அறையினுட் புகுந்து மூடிக்கொள்ள வேண்டும். தொட்டியிலோ குளத்திலோ குதித்தல் தகாது. பூச்சிகள் மேலே காத்திருந்து, தலை வெளியே வந்ததும் கொட்டும். நீரில் மூழ்கும் ஆபத்தும் உண்டு.

போத்தலை மூடியவரின் பயன்

முன்னர்க் கூறிய கமக்காரர் போத்தலைத் திறவாது கொட்டிலில் வைத்துப் பூட்டிவிட்டார் எனக் கொள்ளலாம். அன்று மாலையே தொட்டிக்குப் பழைய தகரத்தினால் மூடி செய்து, அருகில் மண்சட்டி வைக்கிறார். முதல் இரண்டு நாட்கள் தேனீக்கள் மூடியின்மேற் சுற்றிச் சுற்றிப் பறக்கின்றன. அயலவர்கள் இது பயன்படாது என்கின்றனர். மூன்றாம் நாள் சட்டியின் பொச்சுமட்டையில் தேனீக்கள் வரிசையாக அமர்கின்றன. சித்திரை வருடப் பிறப்பு வருமுன் சட்டி முருங்கை மரத்தடியை அடைந்துவிடுகிறது. ஒன்றிரண்டு தேனீக்கள் இன்னும் கிணற்றடிக்கு வரத்தான் செய்கின்றன. அவை முற்றாக அற்றுப்போவதில்லை. ஆனால் பிள்ளைகள் அச்சமின்றிக் குளிக்கலாம். வேலியோரத்துப் பூசணியிற் பிஞ்சு நிற்கின்றது. கிணற்று நீரில் நஞ்சில்லை. இவற்றிற்கு அவருக்குச் செலவானது ஒரு மண்சட்டியும் சிறிது கவனமுமே.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. தை மாதக் கடைசியிலேயே தேனீக்களுக்கு நீர்ச்சட்டி வைக்க. வரட்சி முடியும்வரை அது வரளாது பார்க்க.

2. சட்டியிற் கல்லும் மட்டையும் இடுக. மூன்று நாட்களுக்கு ஒரு முறை கழுவி நீர் மாற்றுக.

3. தொட்டியை மூடுக. ஒழுக்கை அடைக்க. கழுவுநீரைத் தேங்க விடற்க.

4. கிணற்றடியிற் பூச்சி மருந்தைப் பயன்படுத்தற்க.

5. கூடுகளைத் தூர நின்று கவனிக்க. பெருங்குளவி, பெருந்தேனீ ஆகியவற்றின் கூட்டை நெருங்கற்க.

6. பல பூச்சிகள் கொட்டினாலும், மூச்சுத் திணறினாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்க.

மேலதிக ஆலோசனைகளுக்கு அந்தந்தப் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி ஆலோசனைச் சேவையையும் கமக்காரர் பயன்படுத்திக்கொள்ளலாம்.